பாவடி வேம்பும் அநுமதி மனுவும்

நெசவாளர் தெருக்களில் ஒரு வழக்கு அடிக்கடி எழுவதுண்டு. பாவடியின் ஓரத்திலே முன்னோர் நட்ட வேம்பொன்று நிற்கும். அதன் வேர் ஒரு வீட்டின் சுவரைப் பிளந்து, குழித்தறியின் குழிக்குள்ளும் தலைகாட்டும். மரத்தை வெட்டியே தீரவேண்டுமென்பர் அவ்வீட்டார். அந்த நிழல் போய்விட்டால் பாவை எங்கே நீட்டுவதென்பர் எதிர் வீட்டார். இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. கஞ்சி தோய்த்த பாவு கடுவெயிலில் சட்டென்று காய்ந்தால் இழை விறைத்து, தறியில் ஏறியபின் அறுந்து அறுந்து வேலையைக் கெடுக்கும் என்பதை நம் அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இத்தகைய வேளைகளில், சங்கத்தின் நிர்வாகக் குழுவைக் கூட்டி ஒரு தீர்மானம் நிறைவேற்றிவிட்டால் மறுநாளே கோடரியை எடுக்கலாமென்று சிலர் எண்ணுகின்றனர். இது ஆபத்தான எண்ணம். சங்கத்தின் தீர்மானம் சங்கத்தின் உடைமையைத்தான் கட்டுப்படுத்தும். தெருவோர மரத்தை அன்று.

ஆதலின் முதற்கண் அறிய வேண்டுவது, மரம் எவருடைய நிலத்தில் நிற்கிறது என்பதே. ‘என் பாட்டனார் நட்டார், என் தாயார் நீர் ஊற்றினார்’ என்னும் பேச்சு உருக்கமானதே எனினும், அலுவலகத்தில் அது செல்லாது. நில அளவை வரைபடத்தையும் பதிவேட்டையும் பார்த்தல் வேண்டும். பாவடி பல ஊர்களில் ஒரு சமூகத்தின் பொதுச் சொத்தாகவும், சில ஊர்களில் புறம்போக்காகவும் பதிவாகியிருக்கும். மாநகராட்சித் தெருவாயின் மாநகராட்சியையும், நெடுஞ்சாலை ஓரமாயின் நெடுஞ்சாலைத் துறையையும், புறம்போக்காயின் வருவாய்த் துறையையும் அணுக வேண்டும். புறம்போக்கு மரத்துக்கு 2சி பட்டா வைத்திருப்போர் சிலர் மரமே தமதென்று கருதுகின்றனர். காயும் கனியும் முதலிய பலனை அனுபவிக்கும் உரிமையையே அப்பட்டா தருகிறது. நிலத்தைத் தரவில்லை, வெட்டும் உரிமையையும் தரவில்லை.

பொது இடத்து மரமெனத் தெளிந்தபின் மனு எழுதலாம். மரம் இன்னது, அதன் சுற்றளவு இவ்வளவு, நிற்குமிடம் இது, அதனால் நேரும் இடையூறு இது என்று தெளிவாய் எழுதி, விரிசல் கண்ட சுவரின் புகைப்படத்தையும் இணைத்தல் நன்று. அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பர். வனத்துறையினர் மரத்துக்கு விலை மதிப்பிடுவர். பொது இடத்து மரங்களை வெட்டும் கோரிக்கைகள் இன்று மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பசுமைக் குழுவின் பார்வைக்குச் செல்கின்றன. வெட்டிய மரம் அரசுக்கே உரியது. அது ஏலத்துக்குப் போகும். ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடவேண்டுமென்னும் நிபந்தனையும் பரவலாக விதிக்கப்படுகிறது. பத்தையும் நட இடமேது என்று நெருக்கமான தெருவார் கேட்பது நியாயமே. அந்த இடத்தை மனுவிலேயே காட்டிவிட்டால் பின்னால் இழுபறி இராது.

சொந்த நிலத்து மரமாயினும் எல்லா இடத்தும் தடையின்றி வெட்டிவிட முடியாது. மலைப்பகுதியிலுள்ள விவசாய அங்கத்தினர்க்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அங்கே குழுவின் அநுமதி வேண்டும். சந்தன மரம் எவர் தோட்டத்தில் வளர்ந்தாலும் வனத்துறையைக் கேட்டே தொடவேண்டும். நம் மாநில மரமாகிய பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அநுமதி பெறவேண்டுமென்று 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கை அறிவித்தது. டெல்லி நகரிலோ விதி இன்னும் கடுமையானது. அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தன் வீட்டு வளவில் நிற்கும் மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அநுமதி தேவை. உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து நேர்ந்தால் மட்டும் முதலில் வெட்டிவிட்டு, 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கலாம். இந்த விதிவிலக்கு அறிவுடையது. சாய்ந்து விழப்போகும் மரம் கோப்பு நகரும்வரை காத்திராது.

ஆயினும் சுவரைப் பிளக்கும் மரமெல்லாம் வெட்டத்தக்கதென்று கொள்ள வேண்டாம். அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டு இறுக்கிவிட்டால் நீரும் காற்றும் மண்ணில் இறங்கமாட்டா. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவு சிமெண்டின்றி விடவேண்டுமென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது இதனாலேயே. மின்கம்பிக்காக ஒரு பக்கத்துக் கிளைகளை மட்டும் வெட்டினால் மரம் மறுபக்கம் பாரமேறிச் சாயும். குழாய் பதிக்கத் தோண்டுவோர் ஒரு பக்கத்து வேரை அறுத்துவிட்டால், அடுத்த புயலில் அம்மரம் நிற்பது அரிது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் தெரு மரம் எந்நிலையில் இருக்கிறதென்று அதற்குமுன்பே பார்த்துவைப்பது தெருவாரின் கடமை. அடிமரத்தில் பொந்து, வேர்ப்புறத்தில் காளான், திடீரென்று கண்ட சாய்வு ஆகியவற்றைக் கண்டால் தாமதம் கூடாது.

அவ்வாறன்றி மரம் திடமாயிருந்து, ஒரு வீட்டுச் சுவருக்கு மட்டும் இடையூறென்றால், பாரமான கிளைகளை இருபுறமும் சமமாகக் கழிக்கவும், சுவரோரத்து வேரைத் தடுக்கக் கட்டுமானம் செய்யவும் அநுமதி கோரலாம். வெட்ட வேண்டுமென்னும் மனுவை விட இது எளிதில் இசைவு பெறக்கூடும்; பாவுக்கும் நிழல் மிஞ்சும். பழுதான சுவரைச் சீர்செய்யும் செலவில் நிழலை அனுபவிக்கும் தெருவாரும் பங்கு கொள்வது முறை. இதற்குச் சங்கத்தின் தீர்மானம் பெரிதும் உதவும்.

எந்த மனுவாயினும் ஆடி மாதத்துக்குள் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகைச் சீட்டுப் பெற்றுவிடுவது நல்லது. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியபின் கிளை கழிக்க ஆளும் கிடையார்; நனைந்த மண்ணில் பெருமரத்தின்மேல் ஏறுவோர்க்கும் ஆபத்து.