ஐந்து வருடத்துக்கு ஒரு மார்க் ஷீட்

தரச்சான்று வாங்குவதைவிட அதைத் தக்கவைப்பதுதான் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாடு

மட்டாஞ்சேரி மிளகு வியாபாரத்தில் தரம் என்பது கண்ணெதிரே முடிகிற விஷயம். மூட்டையிலிருந்து ஒரு கை அள்ளி, கல், காம்பு, பதர் பார்ப்பார்கள். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நிற்கிறதா என்று எடை போடுவார்கள். சுத்தம் செய்த மலபார் சரக்கின் முதல் தரத்துக்கு 'எம்.ஜி. 1' என்று பெயர்.

இந்த வட்டாரக் கல்லூரிகளுக்குப் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயரும் எம்.ஜி.தான். 1983-ல் தொடங்கிய கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் 2024-ல் உச்ச தரமான 'ஏ பிளஸ் பிளஸ்' பெற்றது. தரம் போட்டது, 1994-ல் பெங்களூரில் அமைக்கப்பட்ட தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்றுக் குழு, சுருக்கமாக 'நாக்'. இங்கே எடை போடப்படுவது பெரும்பாலும் காகிதம்.

சான்று பொதுவாக ஐந்து வருடம் செல்லும். காலாவதியாகும் முன் கடைசி ஆறு மாதங்களில் மறுபடி விண்ணப்பிக்கலாம். ஆனால் வேலை அப்போது தொடங்குவதில்லை. கல்லூரிக்குள்ளேயே இயங்கும் தர உறுதிப் பிரிவு வருடா வருடம் அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். பிறகு பாடத்திட்டம், ஆராய்ச்சி, நிர்வாகம் என்று ஏழு தலைப்புகளில் சுய ஆய்வு அறிக்கை. மாணவர்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். 2017-ல் வந்த முறையில் ஏறக்குறைய 70 சதவீத மதிப்பீடு புள்ளிவிவரங்களைச் சார்ந்தது. நேரில் வரும் பேராசிரியர் குழுவின் பங்கு மீதிதான். வகுப்பில் அற்புதமாகப் பாடம் நடத்திவிட்டு ரசீதைத் தொலைத்த கல்லூரி இதில் அடிபடும்.

தசமப் புள்ளிக்கு இத்தனை அடிதடி ஏன்? யுஜிசியின் 2018 விதிகளின்படி, நான்குக்கு 3.51 எடுத்த பல்கலைக்கழகம் முதல் வகை. அரசுப் பணம் கேட்காத புதிய படிப்புகளை அதுவே தொடங்கலாம். 3.25 என்றால் மூன்றாம் வகை. அனுமதிக்கு டெல்லியின் கதவைத் தட்ட வேண்டும்.

இவ்வளவு பணமும் மானமும் புரளும் இடத்தில் வேறு சங்கதிகளும் புரண்டன. நாக் செயற்குழுத் தலைவர் பூஷண் பட்வர்தன் முறைகேடுகளைச் சுட்டிக்காட்டி 2023-ல் விலகினார். 2025 பிப்ரவரியில், ஆந்திராவின் ஒரு தனியார் நிறுவனத்துக்கு நல்ல தரம் தர லஞ்சம் வாங்கியதாக ஆய்வுக் குழுவினரையே சிபிஐ கைது செய்தது.

மாற்று வழி சொன்ன குழுவின் தலைவர் இருஞ்ஞாலக்குடாக்காரரான முன்னாள் இஸ்ரோ தலைவர் கே. ராதாகிருஷ்ணன். அதன்படி 2024 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் எழுத்துத் தரங்களுக்கு இடமில்லை. சான்று உண்டு அல்லது இல்லை, அவ்வளவுதான். மேலே போக விரும்புவோருக்கு ஐந்து படிகள். தகவல்களை ஒரே இடத்தில் பதிந்து ஒன்றோடொன்று சரிபார்ப்பார்கள். பொய்த் தகவலுக்குத் தண்டனையும் உண்டு. ஆசிரியர் அறையின் கோப்பு அலமாரிக்கு மட்டும் அதிலும் ஓய்வில்லை.