சுவர் எழுப்பிய ஆலயமும் சுவர் தகர்த்த ஆலயமும்

ஓர் ஆலயத்தின் கட்டட அமைப்பு அதனைக் கட்டியவர்களின் உள்ளத்தைக் காட்டும் கண்ணாடி. கோபுரத்தின் உயரத்தையும் பீடத்தின் அழகையும் கண்டு வியக்கும் நாம், மக்கள் எங்கே நின்று வழிபட்டார்கள், யாருக்கும் யாருக்கும் இடையே எது நின்றது என்று வினவுவது அரிது.

இடைக்கால இங்கிலாந்தின் பங்குக் கோவில்களை முதலில் நோக்குவோம். அங்கே நீண்ட மண்டபம் மக்களுக்கு உரியது. கீழ்த்திசையில் பீடம் அமைந்த பகுதி குருக்களுக்கு உரியது. மண்டபத்தைப் பழுதுபார்ப்பது பங்கு மக்களின் கடமை; பீடப் பகுதியைப் பேணுவது பங்கின் வருவாயைப் பெற்றவரின் கடமை. இவ்விரண்டிற்கும் நடுவே சித்திர வேலைப்பாடமைந்த மரத்திரை ஒன்று நிற்கும். அதன்மேல் பாடுபட்ட சுரூபமும், இருபுறமும் தேவதாயும் புனித அருளப்பரும் காட்சி தருவர். திரையின் மேற்பகுதி சாளரம்போல் திறந்திருந்தமையால், மக்கள் அதனூடே பீடத்தைக் கண்டனர். நார்போக் பகுதியின் ரான்வொர்த் ஆலயத்தில், 15-ஆம் நூற்றாண்டில் புனிதர்களின் ஓவியங்களோடு அமைக்கப்பட்ட திரை இன்றும் உள்ளது. அத்திரை குருவையும் மக்களையும் பிரித்தது உண்மையே. ஆனால் மண்டபத்தில் நின்ற மக்களை இரு கூறாக்கவில்லை.

நம் நாட்டில் நிகழ்ந்தது வேறு. சாத்தான்குளத்திலிருந்து திசையன்விளை, இராதாபுரம் வழியாகச் சென்றால் வடக்கன்குளத்தை அடையலாம். இயேசு சபைக் குருக்களின் உழைப்பால் தழைத்த பழம்பெரும் பங்கு அது. அங்கே 1872-இல் எழுந்த ஆலயம் உலகில் காண்பதற்கரிய வடிவுடையது. ஒரே பீடம், ஆனால் அதனின்று கவை பிரிந்தாற்போல இரு மண்டபங்கள். ஒன்றில் வேளாளரும் அவரைச் சார்ந்தோரும், மற்றொன்றில் நாடாரும் பிறரும் நின்றனர். இருசாராரும் பீடத்தைக் கண்டனர், ஒருவரையொருவர் கண்டிலர்! காற்சட்டையை ஒத்த அவ்வடிவைச் சுட்டி அதற்குப் பட்டப்பெயரும் வழங்கலாயிற்று.

குருக்கள் ஏன் இதற்கு இசைந்தனர்? ஓயாத பூசலுக்கிடையே, ஒரே கூரையின்கீழ் அனைவரையும் திரட்ட அவர்கள் கண்ட வழி இது என்று எண்ண இடமுண்டு. ஆயினும், சமாதானத்தை நாடி எழுப்பிய சுவர் சமாதானத்தைத் தரவில்லை. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டியது நாளடைவில் உரிமையாக மாறிற்று.

1910-இல் அத்தடுப்புச் சுவர் தகர்க்கப்பட்டது. அதனை மீண்டும் எழுப்பவேண்டும் என்று ஒருசாரார் வழக்குத் தொடர்ந்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தோர் அதன் ஆளுகைக்கு உட்பட்டவர்களே என்றும், சாதி வேற்றுமையைக் காட்டி ஆலயத்தில் தனியுரிமை கோர இயலாது என்றும் கருதி நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. மறையுரை மேடையிலிருந்து கற்கவேண்டிய பாடத்தை நாம் நீதிமன்றத்தில் கற்க நேர்ந்ததே என்று வருந்தாமல் இருக்க முடியவில்லை.

இதே வடக்கன்குளத்தில்தான் 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் நீலகண்டன் என்னும் அரண்மனை அலுவலர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பாராது எல்லோருடனும் பழகிய அவர், 1752-இல் ஆரல்வாய்மொழிக்கருகே சுட்டுக் கொல்லப்பட்டார். 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தியபோது, சாதியைக் குறிக்கும் ஒட்டுப்பெயர் நீங்கித் தேவசகாயம் என்றே அவர் பெயர் வழங்கிற்று. அவர் திருமுழுக்குப் பெற்ற ஊரிலேயே, ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்த பின்னர், அவர் பாராத சாதிக்காகச் சுவர் எழுந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கிறிஸ்து பகைமையாகிய நடுச்சுவரைத் தம் உடலிலேயே தகர்த்தார் என்று புனித சின்னப்பர் எபேசியருக்குக் கற்பித்தார். அப்போதனையை வாசிக்கும் நம் பங்குகளில் இன்று அத்தகைய சுவர் இல்லாதிருக்கலாம். ஆனால் திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, சப்பரம் எந்தத் தெருவில் திரும்பும், கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்ற பேச்சு எழும்போதெல்லாம், கண்ணுக்குப் புலனாகாத கொத்தன் ஒருவன் கரண்டியை எடுக்கின்றான். அவனுக்குக் கல் எடுத்துக் கொடுப்பது நம் கைகளா என்று ஒவ்வொரு குடும்பமும் இன்றிரவு செபமாலைக்கு முன் சற்றே சிந்திப்பதாக.