பங்கருக்குள் ஊறிய தண்ணீர்

கோடையில் வெட்டிய பங்கர் கார்த்திகையில் கிணறாகும். போர்க்காலத்தில் வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அலவாங்கால் இடித்து, மண்வெட்டியால் அள்ளி, ஆள் நிற்கும் ஆழத்துக்கு வெட்டிய குழி. மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. 1990 இல் யாழ்தேவி ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும்கூடப் பங்கர்க் கூரைகளுக்குப் போயின. மாரி பிடித்து இரண்டு கிழமை போனால் உள்ளே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வாளியால் இறைத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது பழைய அளவுக்கே ஏறியிருக்கும். கூரையில் ஒழுக்கு இருக்காது. வாசலால் வெள்ளம் இறங்கிய தடமும் இருக்காது.

தண்ணீர் கீழிருந்துதான் வந்தது. நிலத்துக்குள் அமையும் எந்த உறைவிடத்துக்கும் முதல் எதிரி இந்தத் தண்ணீர்தான். ஆனையிறவின் உவர் நிலமானாலும், பாதி வருடம் பனி மூடிக் கிடக்கும் மலையானாலும் அது வரும் வழிகள் பெரிதாக மாறுவதில்லை.

வெட்டினால் பூவல், ஒளிந்தால் பங்கர்

மண் துணிக்கைகளுக்கு இடையில் நுண்ணிய இடைவெளிகள் உண்டு. ஓர் ஆழத்துக்குக் கீழே அந்த இடைவெளிகள் எல்லாவற்றையும் தண்ணீர் நிரப்பியிருக்கும். அந்த எல்லைதான் நிலத்தடி நீர்மட்டம். குழியின் அடி அதற்கு மேலே நின்றால் பங்கர். கீழே போனால் கிணறு. வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரை கொட்டும்போது நீர்மட்டம் மேலே ஏறுகிறது. வெட்டிய குழி வெட்டியபடியே இருக்க, கிணறு தானாக வந்து சேர்கிறது.

ஆனையிறவில் நிலைமை இன்னும் மோசம். யாழ் குடாநாட்டையும் பெருநிலத்தையும் இணைக்கும் ஒடுங்கிய தரை இது, இருபுறமும் கடனீரேரி. நிலம் கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயர்ந்ததல்ல. ஆகவே தண்ணீரும் காலடியிலேயே நிற்கிறது. முல்லைத்தீவுக் கரையோரத்திலும் இதே கதைதான். அங்கே மணலில் சிறிது தோண்டினாலே குடிக்கக்கூடிய தண்ணீர் ஊறும். அந்தக் குழிக்குப் பூவல் என்று பெயர். 2009 இல் இறுதிப் போரின்போது மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில் நெருக்குண்ட சனங்களால் ஆழமாகப் பங்கர் வெட்ட முடியவில்லை. சேலைகளைக் கிழித்து மூட்டை தைத்து, மணல் நிரப்பி, பாதியை நிலத்துக்கு மேலே கட்டினார்கள். நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் பொறியியல் சொல்வதும் அதுதான்: தோண்டுவதைக் குறை, மேலே மண்ணை ஏற்று.

ஈர மணல் நிற்கும், நனைந்த மணல் ஓடும்

கடற்கரையில் மணல் வீடு கட்டிய பிள்ளைக்கு இது தெரியும். காய்ந்த மணல் சரியும். சற்றே ஈரமான மணல் சுவர்போல நிற்கும். தண்ணீர் ஊற்றி நிறைத்துவிட்டால் கூழாகி ஓடும். ஈர மணலில் துணிக்கைகளுக்கு இடையே மெல்லிய நீர்ப்படலம் பாலம்போல நின்று ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கிறது. இடைவெளி முழுவதும் நீர் நிறைந்ததும் அந்தப் பிடி போய்விடுகிறது. கோடையில் செங்குத்தாக நின்ற பங்கர்ச் சுவர் மாரியில் ஏன் இடிந்தது என்பதற்கு விளக்கம் இதற்குள் இருக்கிறது.

கூரையும் சேர்ந்து கனக்கிறது. காய்ந்த மணல் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 1.6 தொன், நீர் நிறைந்தால் 2 தொன்னை எட்டும். மூன்றுக்கு இரண்டு மீற்றர் கூரையில் ஒரு மீற்றர் உயரத்துக்கு மண் போட்டிருந்தால், மழைக்குப் பிறகு பனங்குற்றிகள் தாங்கவேண்டிய சுமை 2 தொன்னுக்கு மேல் கூடிவிடும்.

உள்ளே ஊறியதை இறைப்பதிலும் ஆபத்து உண்டு. வெளியே நீர்மட்டம் உயரத்தில் இருக்க, உள்ளே மட்டும் இறைத்தால் அடித்தளத்து மணலூடாக நீர் மேல்நோக்கிப் பாயும். வேகம் கூடினால் மணலையும் கிளப்பிக்கொண்டு வரும். இறைக்க இறைக்க மணலும் சேர்ந்து வந்தால், சுவருக்கு அடியில் பொந்து விழுகிறது என்று அர்த்தம்.

பெட்டி கட்டினால் படகு

சீமெந்தால் பெட்டிபோல ஒன்று கட்டிப் புதைத்தால் தீராதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியளவு 3 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம். சுவர், தளம், கூரை எல்லாம் 15 சென்ரிமீற்றர் தடிப்பு. இதற்குத் தேவைப்படும் கொங்கிறீட் ஏறத்தாழ 4.2 கன மீற்றர். நிறை 10 தொன். பெட்டி முழுவதும் நீர்மட்டத்துக்குக் கீழே போனால் அது இடம்பெயர்க்கும் நீர் 12 கன மீற்றர், அதாவது 12 தொன். ஆர்க்கிமிடீஸ் சொன்ன மேலுதைப்பு நிறையை மிஞ்சிவிட்டது. கூரைமேல் போதிய மண் இல்லாவிட்டால் நாம் கட்டியது நிலத்துக்குள் ஒரு படகு. ஆனையிறவின் உவர்நீர் நன்னீரைவிட அடர்த்தி கூடியது. அது இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளும்.

நம்பிக்கை வராவிட்டால் வெறும் வாளி ஒன்றைத் தொட்டித் தண்ணீருக்குள் நிமிர்த்தியபடி அமுக்கிப் பாருங்கள். கையை எதிர்த்துத் தள்ளும் அந்த விசைதான் நிலத்தடித் தொட்டிகளையும் மாரியில் மேலே கிளப்புகிறது. வெறுமையான தொட்டி இன்னும் இலகுவாகக் கிளம்பும்.

உப்பு வைக்கும் வேட்டு

ஆடி மாதத்தில் ஏ-9 வீதியில் ஆனையிறவைக் கடக்கும்போது ஒருமுறை இறங்கிக் கடனீரேரி ஓரத்து நிலத்தைப் பாருங்கள். சோளகம் முகத்தில் அடிக்கும். நிலத்தின் மேல் விரல்நகத் தடிப்பில் வெண்படலம். விரலால் கீறினால் பொருக்காக உடையும். அடியில் சாம்பல் நிறச் சேறு, அப்போதும் ஈரமாக. மழை இல்லாத மாதத்தில் மேலே உப்பு எப்படி வந்தது?

விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மண் தண்ணீரை மேலே உறிஞ்சுகிறது. இடைவெளி எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறும். பருமணலில் சில சென்ரிமீற்றர். நுண்ணிய வண்டலில் ஒரு மீற்றரையும் தாண்டும். மேலே வந்த நீரை வெயிலும் காற்றும் கொண்டுபோக, உப்பு தங்கிவிடுகிறது. வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் உவர் பூத்துப் பூச்சு உதிர்வதும் இதே வேலைதான். சுவரின் நுண்துளைக்குள் உப்புப் பளிங்கு வளரும்போது அது துளையின் சுவரை நெம்பித் தள்ளும். கொங்கிறீட்டுக்குள் உப்பு போனால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். கொங்கிறீட் உள்ளிருந்தே வெடிக்கும்.

உப்பளமும் ஒருவகையில் நீர்க்காப்புப் பாடம்தான், தலைகீழாக. பாத்தியில் கட்டிய உவர்நீர் கீழே போய்விடாமல் இருக்க, களிமண் தளத்தை மிதித்து இறுக்குகிறார்கள். வன்னிக் குளங்களின் அணைக்கட்டும் களியை நம்பியே நிற்கிறது. நிலத்தடிக் கட்டடங்களைச் சுற்றிப் பென்டனைட் என்ற களியை விரிப்பாகப் போடுவதும் உண்டு. நீர் பட்டால் அது பல மடங்கு வீங்கி வெடிப்புகளை அடைத்துக்கொள்ளும். ஆனால் உப்பு நீரில் அதன் வீக்கம் வெகுவாகக் குறையும். மலையில் கைகொடுக்கும் பென்டனைட்டை ஆனையிறவில் அப்படியே நம்ப முடியாது.

குளிரும் உறிஞ்சும்

இப்போது பனிமலைக்கு ஏறுவோம். உறைந்த நிலம் கல்லுப்போல இறுகியிருக்கும், தண்ணீர்த் தொல்லை இராது என்றுதான் தோன்றும். ஆனால் குளிர்காலத்தில் வீதிகளும் அத்திவாரங்களும் மேலே கிளம்புகின்றன. தண்ணீர் உறையும்போது 9 வீதம் விரிவதால்தான் இது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஸ்டீபன் டேபர் என்ற அமெரிக்கப் புவியியலாளர், தண்ணீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊற்றி உறையவைத்தார். பென்சீன் உறைந்தால் சுருங்கும். ஆனாலும் மண் மேலே கிளம்பியது.

விளக்கம் இதுதான். உறையும் படை கீழேயுள்ள ஈரத்தைத் தன்னிடம் இழுக்கிறது. வந்த நீர் அங்கேயே உறைந்து தட்டுத் தட்டாகப் பனிக்கட்டி வளர்கிறது. அது மண்ணைத் தூக்கும், சுவரை உள்ளே தள்ளும். ஆனையிறவில் வெயில் உறிஞ்சுகிறது, மலையில் குளிர் உறிஞ்சுகிறது. நீர் ஏறும் பாதை இரண்டு இடத்திலும் மண்ணின் ஒடுங்கிய இடைவெளிதான்.

வசந்தத்தில் இன்னொரு தொல்லை. படிந்து இறுகிய பனி ஒரு மீற்றர் உருகினால் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தண்ணீர். அடியில் நிலம் இன்னும் உறைந்திருப்பதால் அது கீழே போகாது. பக்கவாட்டில் ஓடி, கிடைத்த வாசலுக்குள் இறங்கும். நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் 2008 இல் திறந்த உலக விதைக் காப்பகத்துக்குக் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. மலையைக் குடைந்து, மறை 18 பாகை செல்சியஸில் விதைகளை வைத்திருக்கிறார்கள். 2016 ஒக்டோபரில் வழமைக்கு மாறான வெப்பமும் மழையும் வந்தன. நுழைவுச் சுரங்கத்துக்குள் நீர் புகுந்து உறைந்தது. விதைகளுக்குச் சேதமில்லை.

இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில், ரோதாங் கணவாய்க்கு அடியில் 3,000 மீற்றருக்கு மேலான உயரத்தில் வெட்டிய 9.02 கிலோமீற்றர் அடல் சுரங்கத்தைச் சேரி நாலா என்ற ஓடை பெரும்பாடு படுத்தியது. நொறுங்கிய பாறையூடாக அதன் நீர் உள்ளே கொட்டியதில் வேலை ஆண்டுக்கணக்கில் பிந்தியது. 2020 ஒக்டோபர் 3 இல்தான் சுரங்கம் திறந்தது.

குளிரில் தண்ணீர் வர இன்னொரு வழியும் உண்டு: நமது மூச்சு. சும்மா இருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 40 கிராம் நீராவியை விடுகிறார். ஐந்து பேர் பத்து மணிநேரம் உள்ளே இருந்தால் 2 லீற்றர். குளிர்ந்த சுவரில் அது வியர்த்து வடியும். வெளியே எவ்வளவு தார் பூசினாலும் இது நிற்காது, காற்றோட்டம்தான் மருந்து.

முதலில் வாய்க்கால்

அனுபவசாலிகள் பூச்சிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் மேல்நீரைத் திருப்பு. அடுத்து, சுவரைச் சுற்றியும் தளத்துக்கு அடியிலும் சல்லிக்கல் போட்டு, குழாய் வைத்து, வந்த நீரைத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோ. கடைசியில்தான் தாரும் பிளாஸ்திக் விரிப்பும். ஒரு மீற்றர் ஆழத் தண்ணீர் அதன் அடியில் சதுர மீற்றருக்கு ஒரு தொன் வீதம் சுவரை அழுத்தும். அதை ஓடவிட்டால் அந்த அமுக்கமே இல்லை. சுரங்கங்களில் வழக்கமாகப் பிளாஸ்திக் விரிப்புக்குப் பின்னால் கம்பளித் துணிபோல ஒன்றைப் பொருத்துகிறார்கள். அது தண்ணீரைத் தடுப்பதற்கு அல்ல, அடிக்குழாய்வரை இறக்கிவிடுவதற்கு.

சல்லிக்கல் செய்யும் இரண்டாவது வேலையைப் பலர் கவனிப்பதில்லை. கல்லுக்குக் கல் இடைவெளி பெரிது. ஈரத்தை உறிஞ்சும் திரி அங்கே அறுந்துபோகும். ஒரு சாண் சல்லிப் படை உப்பையும் மேலே ஏறவிடாது, உறையும் படைக்கு ஈரத்தையும் கொடுக்காது. கட்டுபவர் ஆனையிறவில் வீட்டு அத்திவாரம் போட்டாலும், பனிமலையில் உறைவிடம் கட்டினாலும் தேவைப்படும் கல் ஒன்றே. மலையில் நீர் தானாக இறங்கிப்போகச் சரிவு உண்டு. ஆனையிறவில் அது இல்லை. அங்கே தளத்தை உயர்த்துவதுதான் வடிகால்.

ஸ்வால்பார்டில் பிறகு என்ன செய்தார்கள்? நுழைவுச் சுரங்கத்தை நீர்புகாக் கொங்கிறீட்டால் மறுபடி கட்டினார்கள். வெப்பம் வெளிவிடும் மின்சாதனங்களை அங்கிருந்து அகற்றினார்கள். மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, உருகும் நீரை வாசலுக்கு வராமல் திருப்பிவிட்டார்கள். இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலுக்குள் மாரியைக் கழித்த வன்னிச் சனமும் மழை இருண்டதும் முதலில் தேடியது மண்வெட்டியைத்தான். கொட்டிலைச் சுற்றி வாய்க்கால் வெட்டத்தான்.