சிறு யந்திரங்களின் கார்புரேட்டரும் அதன் மாற்று உறுப்புகளும்

திருவண்ணாமலை ஜில்லாவில் கிணற்றையும் ஏரியையும் நம்பியே பெரும்பாலும் பயிர் நடைபெறுகிறது. நெல், மணிலாக்கொட்டை, கரும்பு ஆகிய இம்மூன்றிற்கும் களை எடுக்கவும் மருந்து தெளிக்கவும் சிறு பெட்ரோல் யந்திரங்கள் இப்பொழுது பரவலாக உபயோகத்தில் இருக்கின்றன. மணிலாக்கொட்டைக்கு விதைத்த 45 நாட்களுக்குள் களை எடுத்துவிடுதல் வேண்டும். அதன்பின் விழுது மண்ணில் இறங்கத் தொடங்குவதால் மண்ணைக் கிளறுவது ஆகாது. அக்காலத்தில் யந்திரம் பத்து நாள் படுத்துவிட்டால், இழந்த பருவம் திரும்பக் கிடைப்பதில்லை. இவ்வாறு யந்திரம் படுப்பதற்குப் பலமுறை காரணமாயிருப்பது, கார்புரேட்டரில் உள்ள சிறு பித்தளைத் துளையொன்றேயாகும். டீசல் யந்திரங்களுக்குக் கார்புரேட்டர் இல்லையாதலால், கீழ்க்கண்டவை அவற்றுக்குப் பொருந்தா.

கார்புரேட்டர் வேலை செய்யும் விதம்

ஏரியையும் மதகையும் அறிந்த குடியானவருக்குக் கார்புரேட்டரை விளங்கிக் கொள்வது கடினமன்று. அடியிலுள்ள கிண்ணம் ஏரியைப் போன்றது. அதில் மிதக்கும் மிதவை, பெட்ரோல் உரிய மட்டத்திற்கு ஏறியதும் ஒரு கூரிய ஊசியை மேலே தள்ளி வரவை அடைத்துவிடும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் வெளியேறும் துளையே ஜெட் எனப்படும். இது தூம்பின் கண்ணை ஒத்தது. காற்று செல்லும் குழாய் நடுவில் குறுகியிருப்பதால் அங்குக் காற்றின் வேகம் மிகுந்து அழுத்தம் குறைகிறது. அக்குறைவே பெட்ரோலை ஜெட்டின் வழியே மேலே இழுத்துத் தூவலாக்குகிறது. இத்தத்துவத்தைப் பெர்னூலி என்னும் அறிஞர் 1738-இல் வெளியிட்டார்.

யந்திரம் முழு வேகத்தில் ஓடுகையில் மெயின் ஜெட்டும், மெதுவாக ஓடுகையில் பைலட் ஜெட்டும் பெட்ரோலை அளிக்கின்றன. முதுகில் சுமக்கும் சில தெளிப்பான்களிலும் புதர் வெட்டும் யந்திரங்களிலும் மிதவைக்குப் பதிலாக மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும். யந்திரம் எப்பக்கம் சாய்ந்தாலும் பெட்ரோல் தடையின்றி வருவதற்காகவே இவ்வமைப்பு.

அளவு தவறியதன் அடையாளங்கள்

பெட்ரோல் குறைந்தால் யந்திரம் ஏறியும் இறங்கியும் ஓடும், சோக்கை இழுத்தால் மட்டும் சீர்ப்படும், சூடு மிகும், ஸ்பார்க் பிளக்கின் முனை வெளுத்துக் காணும். பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். பிளக்கில் கரி படியும். முனை காப்பி நிறத்தில் இருப்பதே நல்ல நிலை.

இவற்றுள் குறைவே அதிக அபாயமானது. இரண்டு ஸ்ட்ரோக் யந்திரத்தில் மசகெண்ணெயும் பெட்ரோலுடன் கலந்தே செல்வதால், பெட்ரோல் குறையும்போது எண்ணெயும் குறைந்து பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். ஒரு ஜெட்டோடு போகவேண்டிய செலவு அப்போது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் ஆகிவிடும். இதற்கஞ்சி எண்ணெயை அதிகமாகச் சேர்ப்பதும் தவறு. எண்ணெய் கூடிய அளவுக்கு ஜெட்டில் செல்லும் பெட்ரோல் குறையும்.

எத்தனாலும் ஜெட்டும்

நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கே போதும். ஆகவே அதே காற்றுக்கு எடையில் நூற்றுக்குச் சுமார் 9 பங்கு அதிக எரிபொருள் தேவைப்படுகிறது. பழைய ஜெட் பழைய அளவையே கொடுப்பதால், முன்பு சரியாக ஓடிய யந்திரம் இப்பொழுது குறைவின் அடையாளங்களைக் காட்டக்கூடும்.

அன்றியும், எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் உறுப்புகளைக் கெடுக்கும். பல நாள் கிண்ணத்தில் தங்கினால் உலோகத்தை அரிக்கும். யந்திரத்துடன் வந்த புத்தகத்தில் எவ்வளவு எத்தனால் வரை அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்பதை முதலில் பார்த்தல் வேண்டும்.

ஜெட்டை மாற்றுமுன்

குற்றம் ஜெட்டில்தான் என்று உடனே முடிவு செய்யலாகாது. பெட்ரோலில் நீர் கலந்திருத்தல், டாங்கி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருத்தல், வடிகட்டியில் தூசி, தேய்ந்த பிளக் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்கவேண்டும். காற்று வடிகட்டியில் புழுதி அடைந்தால் காற்றுக் குறைந்து கரும்புகை வரும். அதற்கு ஜெட்டைச் சிறிதாக்குவது பரிகாரமாகாது. ஜெட் அடைபட்டிருந்தால் கழற்றிக் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி அளவு கெட்டுவிடும்.

மாற்று உறுப்புகளை வாங்குதல்

ஜெட்டின் மேல் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். சில கம்பெனிகள் துளையின் குறுக்களவைக் குறிக்கின்றன. 65 என்றால் 0.65 மில்லிமீட்டர். வேறு சில, நிமிஷத்திற்குச் செல்லும் எரிபொருளின் அளவைக் குறிக்கின்றன. ஆகையால் ஒரு கம்பெனியின் 65-ஐ மற்றொன்றின் 65-க்கு ஈடாகக் கொள்ளக் கூடாது. துளையின் பரப்பு குறுக்களவின் வர்க்கப்படி கூடுவதையும் மறத்தலாகாது: 65-லிருந்து 68-க்குப் போனால் பரப்பு நூற்றுக்கு 9 பங்கு கூடும், 70-க்குப் போனால் 16 பங்கு கூடும். எனவே ஒரு படிக்கு மேல் ஒரே முறையில் ஏற்றலாகாது. மாற்றியபின் முழுச் சுமையில் ஓட்டி, பிளக்கின் நிறத்தைப் பார்த்தே அடுத்தபடி முடிவு செய்யவேண்டும்.

மிதவை ஊசியின் முனையில் வளையம்போல் தேய்மானம் கண்டால் அதை மாற்றிவிட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் வழிந்தோடும். விறைத்துப்போன சவ்வையும், ஊறிப்போன கேஸ்கட்டையும் திரும்ப உபயோகிப்பது வீண். கடைக்குச் செல்லும்போது பழைய உறுப்பையும், கார்புரேட்டரின் மேலுள்ள எண்ணின் குறிப்பையும் எடுத்துச் செல்லுதல் நலம். 2020 ஏப்ரலில் புதிய புகை விதிகள் அமலுக்கு வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் கார்புரேட்டரைக் கைவிட்டன. ஆகவே மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் பழைய ஜெட்டை, மரை பொருந்துகிறதென்று மட்டும் பார்த்து மாட்டுவது தகாது.

மலைப்பகுதியில் ஏறினால் காற்று இலேசாகிப் பெட்ரோல் மிகும். ஆயினும் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் அளவு உயரத்திற்குப் பொதுவாக ஜெட்டை மாற்றவேண்டுவதில்லை. உதகமண்டலம் போன்ற மிக உயர்ந்த இடங்களுக்கே சிறிய ஜெட் தேவைப்படும்.

வேலை முடிந்தபின்

பருவம் முடிந்து யந்திரத்தை ஒதுக்கி வைக்குமுன், பெட்ரோல் குழாயை மூடி, தானே நிற்கும்வரை ஓட்டி, கிண்ணத்தின் திருகைத் திறந்து எஞ்சியதை வடித்துவிட வேண்டும். இவ்வொரு பழக்கமே ஜெட் அடைபடுவதைப் பெரிதும் தடுக்கும். திறந்த பெட்ரோலின் அருகில் பீடி, விளக்கு முதலியன இருக்கலாகாது.

கிராம அதிகாரிகளும் கூட்டுறவுச் சங்கத்தாரும், பொதுவில் வாடகைக்கு விடும் ஒவ்வொரு யந்திரத்திற்கும் கார்புரேட்டரின் எண், ஜெட்டின் எண், மாற்றிய தேதி ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதி வைத்து, ஒரு மெயின் ஜெட், ஒரு மிதவை ஊசி, ஒரு தொகுதி கேஸ்கட் ஆகியவற்றைக் கையிருப்பில் வைத்திருப்பார்களானால், களைப் பருவத்தில் யந்திரத்திற்காகக் குடியானவர்கள் காத்திருக்கும் நிலை பெரிதும் குறையும்.