ஜீப்பின் கிளட்ச்: நோயறிந்து மருந்து செய்வோம்

மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் கரடுமுரடான பாதைகளில் ஜீப்பை விட்டால் வேறு வழியில்லை. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இத்தகைய ஏற்றத்தில் பழைய ஜீப் ஒன்று உறுமிக்கொண்டே முன்னேறாமல் நின்றுவிட்டால், "கிளட்ச் போய்விட்டது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். கியர் பெட்டியை இறக்கிப் புதிய தட்டு மாட்டுவதற்கு ஒரு நாள் கூலியும் கணிசமான பணமும் செலவாகும். ஆனால் தட்டு மட்டுமே குற்றவாளி அன்று. சில சமயம் ஒரு நட்டைச் சில சுற்றுகள் திருப்பினாலே வண்டி குணமாகிவிடும். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைக் காண்போம்.

உராய்வின் கணக்கு

இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு மகிந்திரா ஜீப்புகளும் இதே மரபில் வந்தவையே. இதன் என்ஜின் தரும் பெரும முறுக்குவிசை ஏறத்தாழ 142 நியூட்டன்-மீட்டர். கிளட்ச் தட்டின் விட்டமோ சுமார் 20 செ.மீ. தான்!

என்ஜினோடு சுழலும் பிளைவீல் ஒருபுறம், சுருள்வில்களால் தள்ளப்படும் பிரஷர் பிளேட் மறுபுறம். இரண்டுக்கும் இடையே கிளட்ச் தட்டு நெருக்கப்படுகிறது. தட்டின் இரு பக்கங்களிலும் உராய்வு உண்டாவதால், அது கடத்தக்கூடிய முறுக்குவிசையை இப்படிக் கணக்கிடலாம்: 2 × உராய்வுக் குணகம் × அழுத்தும் விசை × சராசரி ஆரம். குணகம் 0.3 எனவும், விசை 4,500 நியூட்டன் எனவும், ஆரம் 0.08 மீட்டர் எனவும் கொண்டால் விடை 216 நியூட்டன்-மீட்டர். என்ஜின் தருவதைவிட இது அதிகம்; ஆகவே தட்டு நழுவாது. தட்டில் எண்ணெய் படிந்து குணகம் 0.1 ஆகக் குறைந்தால்? விடை 72 தான். என்ஜினின் பெரும முறுக்குவிசையில் ஏறத்தாழப் பாதியைத்தான் கடத்த இயலும். சமதளத்தில் ஒழுங்காக ஓடும் வண்டி ஏற்றத்தில் மட்டும் நழுவுவது இதனால்தான்.

நழுவும் கிளட்ச்

சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பிரேக்கை அழுத்திப் பிடித்து, மேல் கியரில் மிதியை மெல்ல விடுங்கள். என்ஜின் உடனே திணறி நின்றால் கிளட்ச் நலம். நிற்காமல் சுழன்றால் தட்டு நழுவுகிறது. இச்சோதனையை ஒரு முறைக்கு மேல் செய்ய வேண்டாம். தட்டு சூடேறிக் கெடும்.

நழுவினாலும் உடனே எதையும் கழற்ற வேண்டியதில்லை. முதலில் மிதியைக் கையால் அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் சிறிது தூரம் எதிர்ப்பின்றி இறங்க வேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் "பிளே" என்கிறார்கள். வில்லிஸ் ஜீப்பில் இது ஏறத்தாழ 2 செ.மீ.; மற்ற வண்டிகளுக்கு அவற்றின் கையேட்டைப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. தட்டு தேயத் தேய மிதியின் பிளே கூடுவதில்லை, குறைகிறது! தட்டு மெலியும்போது பிரஷர் பிளேட் பிளைவீலை நோக்கி நகர்கிறது. அதனோடு இணைந்த நெம்புகோல் விரல்களின் உள்முனைகள் எதிர்த்திசையில் நகர்ந்து ரிலீஸ் பேரிங்கைத் தொட்டுவிடுகின்றன. அதன்பின் மிதியில் கால் வைக்காமலே கிளட்ச் அரைகுறையாக விலகி நிற்கும். வில்களின் விசை முழுமையாகத் தட்டைச் சேராது. கேபிளின் நட்டைத் திருகிப் பிளேயை மீட்டால் நழுவல் நின்றுவிடலாம். பிளே சரியாக இருந்தும் நழுவினால்தான் எண்ணெய்க் கசிவு, தேய்ந்த தட்டு, தளர்ந்த வில் ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

விலக மறுக்கும் கிளட்ச்

இது நேர் எதிரான நோய். மிதியை முழுதும் அழுத்தியும் கியர் "கரகர" என்று கத்தும். மிதியை அழுத்திச் சில நொடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியர் போட்டுப் பாருங்கள். அப்போதும் பற்கள் உரசினால், கியர் பெட்டியின் உள்தண்டு இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பிளே மிகுதியாக இருத்தல், கேபிள் நீண்டுவிடுதல், தட்டு கோணுதல், நெடுநாள் நின்ற வண்டியில் துரு பிடித்துத் தட்டு ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை காரணங்கள். பிளைவீலின் நடுவிலுள்ள பைலட் புஷ் இறுகினாலும், தட்டு விலகிய பிறகும் தண்டு சுழலும்.

ஓசையும் ஒரு தடயமே. மிதியை லேசாகத் தொட்டதும் எழும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கைக் காட்டும். நியூட்ரலில் இரைந்து, மிதியை அழுத்தியதும் அடங்கினால் கியர் பெட்டியின் முன் பேரிங்கை நோக்க வேண்டும். வண்டி புறப்படும்போது உதறினால் எண்ணெய் படிந்த தட்டையும், தளர்ந்த என்ஜின் மவுண்டிங்குகளையும் பார்க்க வேண்டும்.

கழற்றும்போது

பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் கழற்றாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இல்லையேல் பிளேட் கோணும். எண்ணெயில் ஊறிய தட்டைப் பெட்ரோலில் கழுவிப் பயனில்லை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் வெளிவரும். தட்டை மாற்றுமுன் எண்ணெய் எங்கிருந்து கசிந்தது என்று கண்டு அந்தக் கசிவை நிறுத்த வேண்டும். அன்றேல் புதிய தட்டும் அதே கதியை அடையும். கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள வடிகால் துளை சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். லாண்ட்ரோவர் வண்டிகளில் ஆற்றைக் கடக்கும்போது இத்துளையை மூட ஒரு திருகு உண்டு. கடந்த பின் அதைக் கழற்றிவிட வேண்டும்.

புதிய தட்டை மாட்டும்போது, கியர் பெட்டித் தண்டைப் போன்ற ஒரு போலித் தண்டைச் செருகி நடுவில் நிறுத்துவது வழக்கம். கியர் பெட்டியின் பாரம் ஒருபோதும் தட்டின் மேல் தொங்கக் கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பழைய தட்டுகளில் பெரும்பாலும் கல்நார் கலந்திருக்கும். அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பின் புற்றுநோயை உண்டாக்கும். ஆகவே கூட்டிலுள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பட்டறையில் வேலை பழகும் சிறுவர்களிடம் அந்த வேலையை ஏவவே கூடாது.

தட்டின் ஆயுள் காலில்

ஆறுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், 1,500 கிலோகிராம் எடையுள்ள ஜீப்பைப் பிரேக் இல்லாமல், முதல் கியரில் அரைக் கிளட்ச்சால் நிறுத்திப் பிடிப்பதாகக் கொள்வோம். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை சுமார் 66 நியூட்டன்-மீட்டர். என்ஜின் நிமிடத்திற்கு 1,500 முறை சுழன்றால், தட்டில் வெப்பமாகும் திறன் 10 கிலோவாட்டுக்கு மேல்! ஒரு கிலோவாட் மின்னடுப்புகள் பத்தை அந்தச் சிறு கூட்டுக்குள் எரியவிடுவதற்கு இது சமம். ஏற்றத்தில் நிற்கப் பிரேக் இருக்கிறது; ஊர்ந்து ஏற ஜீப்பின் தாழ்நிலைக் கியர் இருக்கிறது. இவ்விரண்டையும் பயன்படுத்துபவரின் வண்டியில் தட்டு நெடுநாள் உழைக்கும்.