கோட்டை இல்லாத குன்றுகள்

தீவுக்கே உரிய பாட்டுப் பறவையைத் தேடி நடக்க இலங்கையின் நுவரெலியாவரை போக வேண்டாம். அங்கே மஞ்சள்காதுச் சின்னான் இருக்கிறது, அழகுதான். ஆனால் ஒலக்கூர்க்காரர்கள் திண்டிவனம் போய்ச் செஞ்சிக்கு பஸ் ஏறினாலே போதும். கடலுக்குப் பதில் வயல் சூழ்ந்த கல் தீவுகள் அங்கே உண்டு. மஞ்சள்தொண்டைச் சின்னான் வாழ்வது அப்படிப்பட்ட பாறைக் குன்றுகளில்தான். தென்னிந்தியாவைத் தாண்டினால் உலகில் எங்கும் கிடையாது. 1845-இல் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர்.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிக் குன்றில் வெயிலுக்கு முன்பே ஏறிவிடுங்கள். முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வெண்புருவச் சின்னானாக இருக்கும். அதோடு திருப்தியாகித் திரும்பிவிடாதீர்கள். நம்முடையதற்குத் தலையும் தொண்டையும் பளிச்சென்ற மஞ்சள், வாலடியும் அப்படியே. நெஞ்சு சாம்பல், கொண்டை இல்லை. கூச்ச சுபாவம் வேறு. பாறை இடுக்கில் வேர்விட்ட அத்தி பழுத்திருந்தால் சற்றுத் தள்ளி அசையாமல் நில்லுங்கள். பழம் தின்ன வரும்.

செஞ்சிப் பறவைக்கு அதிர்ஷ்டம் உண்டு. கோட்டை இருப்பதால் குன்றில் யாரும் வெடி வைப்பதில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் கிடைத்துவிட்டது. ராஜா கோட்டை கட்டாத குன்றுகளின் கதியை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது. திண்டிவனம் வட்டாரத்தில் ஜல்லி லாரியின் புழுதியைத் தின்னாமல் பைக் ஓட்டியவர் யார்? அழியும் ஆபத்தில் உள்ள பறவை என்று உலகப் பட்டியலில் இது இருப்பதற்குக் கல்குவாரியும் ஒரு காரணம். முதலில் புதர் போகும், பிறகு பாறை. காட்டைக்கூடத் திரும்ப வளர்க்கலாம், பாறையை? காக்கை மாதிரி ஊருக்குள் வந்து பிழைக்கும் ஜாதியும் அல்ல இது.

ரோட்டுக்கும் வீட்டுக்கும் கல் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அதற்காக எந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே வெடி வைப்பதா?

ஒலக்கூர், மயிலம், செஞ்சிப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டையோடு நின்றுவிடாமல் உங்கள் ஊர்க் குன்றிலும் ஒரு காலை நடந்து பாருங்கள். மஞ்சள் தலை தெரிந்தால் தேதியையும் குன்றின் பெயரையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதியுங்கள். குவாரி அனுமதிக்கு ஆட்சேபம் எழுதும் நாளில் அந்தப் பதிவு கையில் இருக்கட்டும்.