மலை எவ்வளவு தூரம் ஓடும்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துச் சமவெளியில் வசிப்போருக்கு மண் என்பது இருந்த இடத்தில் இருப்பது. மலைநாட்டாருக்கு அந்த நிச்சயம் இல்லை. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி விடியுமுன், வயநாட்டில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவு பிளந்தது. பாறையும் சேறும் ஆற்று வழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடி, முண்டக்கை, சூரல்மலை கிராமங்களை வாரிச் சென்றன. மாண்டோரில் பலர், சரிவின் அடியில் அல்ல, சில கிலோமீட்டர் தள்ளி உறங்கியவர்கள்.

ஆகவே, மலை எங்கே பிளக்கும் என்பது பாதிக் கேள்விதான். எங்கே போய் நிற்கும்? 1881-இல் ஸ்விட்ஸர்லாந்தில் எல்ம் கிராமத்தின் ஒரு பகுதியைப் புதைத்த சரிவை ஆராய்ந்த பேராசிரியர் ஆல்பர்ட் ஹைம், விழுந்த உயரத்தையும் சென்ற தூரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தவர். சிறிய சரிவு பொதுவாக உயரத்தைப் போல் இரு மடங்குத் தூரத்துக்குள் அடங்கிவிடும். மிகப் பெரியவை ஐந்து மடங்கையும் தாண்டும். நீர் கலந்த சேறென்றால் கேட்கவே வேண்டாம்!

இக்காலத்து விஞ்ஞானிகள் மலையின் வடிவத்தைக் கணிப்பொறியில் ஏற்றி, தரையின் உராய்வையும் சேர்த்து, சேறு எந்த வீட்டை எத்தனை நிமிஷத்தில் எட்டும் என்று கணிக்கிறார்கள். வழியில் அது அள்ளிக்கொள்ளும் மண்ணும் மரமுமே கணக்கைக் குலைப்பவை.

மூணாறு அருகே பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, 70 பேர் லயங்களோடு புதையுண்டனர். பெரும்பாலோர் நம் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தினர். மலையடி லயம் ஒவ்வொன்றுக்கும் இக்கணக்கைப் போட்டு, தமிழிலும் மலையாளத்திலும் சுவரில் எழுதி வைக்கும்படி நாம் கேட்கிறோம்.